மாஸ்க் கடையில் ஒரு கண்ணாடி

கொரோனாவின் முதல் ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பஸ்களில் பாதி சீட்டுக்கு மட்டும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த காலம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையின் ஓரத்தில் நான் மாஸ்க் விற்றுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு மாஸ்க் என்ற சாமானைக் கையால்கூடத் தொட்டதில்லை. என் பிழைப்பு பிச்சாவரத்தில். படகு சவாரிக்கு வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடக்கிற வழியில் ஒரு கம்பி ஸ்டாண்டை நிறுத்தி, தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்கிறவன் நான்.

என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. தொப்பி, கூலிங் கிளாஸ் வியாபாரத்தில் பாதி வேலையைச் செய்வது முகம் பார்க்கும் கண்ணாடிதான். வேண்டாம் என்று நகர்ந்து போகிறவரைக்கூட, "சும்மா போட்டுப் பாருங்க சார், காசா பணமா" என்று கூப்பிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டால் போதும். தன் முகத்தைத் தானே பார்த்து ஒரு தடவை தலையைச் சாய்த்துவிட்டார் என்றால் சாமான் விற்றுவிட்டது என்று அர்த்தம். அதனால் ஸ்டாண்டின் நடுவில் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி கட்டியிருப்பேன். நீல பிளாஸ்டிக் சட்டம் போட்டது. ஒரு மூலை உடைந்து போயிருந்தது. அந்த உடைசல் தெரியாமல் இருக்க, கூலிங் கிளாஸ் போட்ட குரங்கு ஸ்டிக்கர் ஒன்றை அங்கே ஒட்டியிருந்தேன். குழந்தைகள் அந்தக் குரங்கைப் பார்க்கவே நின்றுவிடும்.

கொரோனா வந்ததும் படகு சவாரியை மூடிவிட்டார்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அங்கே படகு தள்ளுகிறவர். அவருக்கும் வேலை போனது, எனக்கும் போனது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து, அப்போதுதான் என் மனைவி உண்டாகியிருந்தாள். வீட்டில் சந்தோஷமும் கவலையும் ஒரே பாயில் படுத்திருந்த மாதிரி இருந்தது. இந்தக் குழந்தையை நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும், அதுவரை வீட்டு அடுப்பு அணையக் கூடாது. என் தலைக்குள் வேறு எந்த யோசனையும் கிடையாது.

மாஸ்க் வியாபாரம் மச்சானின் யோசனை. முதலில் மெடிக்கல் ஷாப்களில் மாஸ்க் கிடைக்காமல் ஜனங்கள் துண்டையும் முந்தானையையும் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இருந்த கொஞ்சமும் யானை விலை விற்றது. அப்புறம் தையல் கடைக்காரர்கள் தைத்தார்கள். பிறகு பனியன் துணியில் தைத்த மாஸ்க் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடலூருக்கு வந்து இறங்கியது. நான் மொபெட்டில் கடலூர் போய், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் பை நிறைய வாங்கி வருவேன். மச்சான் இடம் பார்த்துக் கொடுத்தார். எந்த இடம் என்கிறீர்கள்? மாஸ்க் போடாதவர்களை நிறுத்தி போலீஸ் அபராதம் போடுமே, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

"மச்சான், இந்த ஊர்ல நோய்க்குப் பயந்து மாஸ்க் வாங்கறவன் கம்மி. அபராதத்துக்குப் பயந்து வாங்கறவன்தான் ஜாஸ்தி. நாம போலீஸுக்கு முன்னாடி நின்னா போதும், அவுங்களே நமக்கு யாவாரம் பண்ணிக் குடுத்துடுவாங்க" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஜீப் நின்றால் என் ஸ்டாண்டில் கூட்டம். ஜீப் வேறு பக்கம் போய்விட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். இரண்டு தடவை நாங்களும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னாலேயே போயிருக்கிறோம்.

நல்ல வியாபாரம் என்று தெரிந்தால் அந்த ரகசியம் எத்தனை நாளைக்கு நிற்கும்? டீக்கடையில் மாஸ்க், செல்போன் கடையில் மாஸ்க், பூ விற்கிற அம்மாவின் கூடையில் பூவுக்குப் பக்கத்தில் மாஸ்க். விலை சரசரவென்று இறங்கியது. முந்தின வாரம் வாங்கின விலைக்குக்கூட விற்க முடியவில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற நாலைந்து பேர் ஷிப்டுக்குப் போகும்போது மொத்தமாக வாங்குவார்கள், அவர்களும் விலை கம்மியான இடத்துக்கு மாறிவிட்டார்கள். அப்போதுதான் என் கூலிங் கிளாஸ் மூளை வேலை செய்தது. எல்லோரும் மருந்து சாமான் மாதிரி விற்கிறார்கள், நாம் அழகு சாமான் மாதிரி விற்றால் என்ன? கடலூரில் தேடிப் பிடித்து, பூப் போட்டது, ஜரிகை வைத்தது, புலி வாய் போட்டது, முறுக்கு மீசை வரைந்தது என்று விதவிதமாக வாங்கி வந்து தொங்கவிட்டேன். ஸ்டாண்டின் நடுவில் பழையபடி என் நீலக் கண்ணாடியை மாட்டினேன்.

கேட்க வேண்டுமா? வாங்க வராதவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே வந்து மீசையைப் போட்டுப் பார்த்தார்கள். இதுவா அதுவா என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கழற்றினார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அக்கா தங்கைகள் எல்லோரும் புடவை கலருக்குப் பொருந்துகிறதா என்று ஒரே மாஸ்க்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டுப் பார்த்து வேண்டாம் என்றதையெல்லாம் உதறி, மடிப்பு நேராக்கி, திரும்ப ஸ்டாண்டில் மாட்டினேன். தொப்பியையும் அப்படித்தானே மாட்டுவேன்? சிதம்பரத்திலேயே கண்ணாடி வைத்த மாஸ்க் கடை என் கடை ஒன்றுதான் என்று எனக்குள் ஒரு பெருமை. இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியைத் தினமும் காலையில் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். மாஸ்க்கைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் கொஞ்சம் இருந்த நேரம், ஒரு பெண்மணி வந்து ஓரமாக நின்றார். சாதாரண நூல் புடவை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பின்பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளை மாஸ்க் போட்டிருந்தார். மாஸ்க்குக்கு மேலே கன்னத்தில், ரொம்ப நேரம் வேறு ஏதோ இறுக்கமாகப் போட்டிருந்த மாதிரி ஒரு சிவந்த தடம். தூக்கமில்லாத கண்கள். எதையும் கையில் எடுக்கவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் ஒவ்வொரு மீசையாகப் போட்டுப் பார்த்துக் கூட்டாளிகளிடம் காட்டிக்கொண்டிருந்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லோரும் போகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு பக்கத்தில் வந்தார்.

"ஒருத்தருக்கு எத்தினி மாஸ்க் போட்டுப் பாக்கக் குடுப்பீங்கண்ணே?"

"அதுக்கெல்லாம் நம்ம கடைல கணக்கே கெடையாதும்மா. பொம்பளப் புள்ளைங்க நாலஞ்சு போட்டுப் பாக்காம எடுக்க மாட்டாங்க. நீங்களும் போட்டுப் பாருங்க" என்று ஒரு ஜரிகை மாஸ்க்கை நீட்டினேன்.

அவர் கண்கள் லேசாகச் சுருங்கின. சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாஸ்க் வேணாம். இந்தக் கண்ணாடி இன்னா வெல?"

"கண்ணாடி விக்கறது இல்லம்மா. கடைக்கு வெச்சது."

"எனக்கு அதான் வேணும். வெல சொல்லுங்க."

உடைந்த கண்ணாடியை யார் வாங்குவார்கள்? இவரைத் தட்டிக்கழிக்க வேண்டுமென்று, புதுக் கண்ணாடி விலையைப் போல மூன்று மடங்கு சொன்னேன். அவர் பேரம் பேசவில்லை. கைப்பையைத் திறந்து கொடுத்துவிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கட்டுக்கம்பியை அவிழ்த்து, கண்ணாடியைத் தினசரித் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டவர் உடனே நகரவில்லை.

"வூட்ல யாரு யாருண்ணே இருக்காங்க?"

"நானும் என் சம்சாரமும். அது இப்ப மாசமா இருக்கு. ரொம்ப வருசம் கழிச்சு" என்று நான் பாட்டுக்குச் சொன்னேன். எனக்கு யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "வேற கண்ணாடி வாங்கி மாட்டிடாதீங்கண்ணே. இன்னிக்கி வூட்டுக்குப் போனதும், உள்ள போறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் குளிச்சிடுங்க. அப்புறம் வெளிய நின்னுக்கினே கண்ணாடி வித்த கதய உங்க வூட்டம்மாகிட்ட சொல்லுங்க. அவுங்களுக்குப் புரியும்."

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாபத்துக்கு விற்றோம் என்கிற குஷிதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஏதோ சொல்லிவிட்டாரே என்று கிணற்றடியில் குளித்துவிட்டு வாசலில் நின்று கதையை ஆரம்பித்தேன். மச்சானும் வந்திருந்தார். மனைவி உள்ளே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் விலை சொன்ன விதத்தை நடித்துக் காட்ட, மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. "ஒடஞ்ச கண்ணாடிய எதுக்கு அவ்ளோ வெல குடுத்து வாங்குனாங்க?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? அவுங்க வூட்ல கண்ணாடி இல்லியோ இன்னாவோ."

"போட்டுப் பாத்துட்டு வேணாம்னு குடுக்கறாங்களே, அத இன்னா பண்ணுவ?"

"திரும்ப மாட்டிடுவேன்."

"அத அடுத்தவங்க எடுத்து மூஞ்சில வெச்சுக்குவாங்க."

"ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அவள் கையில் இருந்த இறாலைத் தட்டில் போட்டாள். "ஊர்ல இருக்கறவன் எச்சில் மூச்செல்லாம் தொட்டுத் தொட்டு மாட்டிட்டு, அந்தக் கையோடதான் தெனமும் வந்து என் வயித்துல கை வெச்சுப் பாக்கறியா?"

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்க் எதற்காகப் போடுகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க அதைத்தானே கூவிக் கூவி விற்கிறேன். ஆனால் கூலிங் கிளாஸ் விற்ற கை, விற்கிற சாமான் மாறியதை மறந்துவிட்டது. ஒருவர் மூச்சு விட்ட துணியை இன்னொருவர் மூக்கில் வைக்கிற வேலையை, பளபளவென்று ஒரு கண்ணாடியும் மாட்டி, வாங்க வாங்க என்று கூப்பிட்டுச் செய்திருக்கிறேன்.

அன்றைக்கே வீட்டுக்கு எதிரில், மச்சான் மீன் வலை போட்டு வைக்கிற கொட்டகைக்குப் போய்விட்டேன். அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. மனைவி தட்டை ஒரு முக்காலியில் வைத்துவிட்டுத் தூரப் போய் நின்றுகொள்வாள். எனக்கு வந்தால்கூடப் பரவாயில்லை, அவளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டேனோ என்ற பயம்தான் என்னைத் தின்றது. அவள் ஒரு தடவை தும்மினால் கொட்டகை வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்ப்பேன். அவளோ என்னைவிடத் தைரியசாலி. கொரோனா வந்தால் வாசனை தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் அடுப்பில் ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டுவிட்டு, அங்கிருந்தே, "இன்னா, வாசன தெரியுதா?" என்று கத்துவாள். "தெரியுது, தெரியுது, வாளைக் கருவாடு" என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சில நாள் அவர்களே எனக்கு முன்னால், "மத்தி" என்று பதில் சொல்லிவிடுவார்கள். வாழ்க்கையில் கருவாட்டு நாற்றத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் என்னை வாசல்படி ஏறவிட்டாள். ஆனால் என் கடையில் மாஸ்க் வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தக் கல்யாண வீட்டு அக்கா தங்கைகளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய?

மிச்சம் இருந்த சரக்கை என்ன செய்வது? எதைப் போட்டுப் பார்த்தார்கள், எது தொடாதது என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் கொதிக்க வைப்பது என்று முடிவு செய்து, ஊர் விசேஷங்களுக்குச் சோறாக்குகிற பெரிய அண்டாவைக் கேட்டு வாங்கி, மச்சான் விறகு தள்ள, சோப்புத் தூளைப் போட்டுக் கொதிக்க விட்டோம். மாஸ்க்கோடு அண்டாவும் சுத்தமாகும் என்றார் மச்சான். சிவப்புச் சாயம் கழன்று மற்ற எல்லாவற்றிலும் ஏறியது. பூவும் போனது, புலியும் போனது. முறுக்கு மீசைகள் அத்தனையும் கரைந்தன. மொத்த மூட்டையும் செங்கல் கலரில் வெளியே வந்தது. கயிற்றில் காயப்போட்டதைப் பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழகு சாமான் என்று அதிக விலை கொடுத்து வாங்கியது, கடைசியில் தூசி தட்டுகிற துணி மாதிரி ஆகிவிட்டதே!

மனைவிதான் சின்ன பிளாஸ்டிக் கவர்கள் வாங்கி வரச் சொன்னாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஒவ்வொன்றாகக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டினோம். "ஒட்டுனத பிரிச்சா வாங்கியாவணும்னு சொல்லிடு" என்றாள். போலீஸ் ஜீப்புக்கு முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு குமராட்சிப் பக்கம் போனேன். நடவுக்குப் போகிற பெண்கள் மினிபஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் மாஸ்க் கட்டாயம். மாஸ்க் இல்லை என்று இறக்கிவிட்டால் கண்டக்டருக்கு வசூல் நஷ்டம், அவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். அந்தக் கண்டக்டரிடம் போய், ஏறுகிறவர்களுக்கு விற்றுத் தரச் சொல்லிப் பையைத் திறந்து காட்டினேன்.

அவர் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே கலரா இருக்குதே" என்றார். போச்சு என்று நினைத்தேன். "நல்லதாப் போச்சு. இல்லாட்டி அவுங்க பொறுக்கி எடுக்கறதுக்குள்ள எனக்கு ட்ரிப்பு போயிடும். குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதவிதமாக இருந்ததால்தான் ஜனங்கள் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒன்று போலவே இருந்தால் எதைப் போட்டுப் பார்ப்பது? கொஞ்ச நாளில் அந்த மினிபஸ் முழுக்கச் செங்கல் கலர் முகங்களாக இருந்தது. அசல் வரவில்லை என்றாலும் முக்கால்வாசி வந்துவிட்டது, அடுப்பு அணையவில்லை. ஒரு நாள் நான் பணம் வாங்கப் போயிருந்தபோது அந்தப் பெண்களில் ஒருவர் கவரைப் பிரித்து மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, "கண்ணாடி வெச்சிருக்கலியா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லக்கா, வித்துட்டேன்" என்றேன்.

நாள் நெருங்கியது. மனைவிக்கு வலி எடுத்து, விடியற்காலையில் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பிரசவ வார்டு வாசலுக்கு ஓடினேன். வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"மூக்கு வெளிய தெரியுது பாருங்க. கண்ணாடியப் பாத்து சரி பண்ணிக்கினு உள்ள போங்க."

திரும்பினேன். சுவரில் முகத்துக்கு நேராக நீலச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி. மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட குரங்கு.

கண்ணாடிக்குள் என் முகம் இருந்தது. பல் தேய்க்காத, தலை சீவாத, மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிப் போன முகம். அத்தனை மாஸ்க் விற்றவனுக்கு ஒன்றை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. மூக்குக்கு மேலே இழுத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்தக் கண்ணாடி ஏதும்மா?" என்று கேட்டேன்.

"அதுவா? இங்க இருந்த சிஸ்டரு ஒருத்தவங்க சொந்தக் காசுல வாங்கியாந்து மாட்டுனாங்க. மூக்க மூடு, மூக்க மூடுன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்குத் தொண்டத் தண்ணி வத்திப் போச்சுங்க. அவுங்கவுங்க மூஞ்சிய அவுங்கவுங்களே பாத்துக்கட்டும்னாங்க. இது வந்தப்புறம் சொல்ல வேண்டிய வேலையே இல்ல."

"அவுங்கள நான் பாக்கணும்மா."

"அவுங்களுக்குக் கடலூர் பக்கம் மாத்தலாயிடுச்சே. நீங்க சொந்தமா?"

"தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் அதிகமாக வாங்கிய காசு அப்போது என் சட்டைப் பையில் சுட்ட மாதிரி இருந்தது. வெயில் ஏறுவதற்குள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று வந்து சொன்னவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். குழந்தையை முதன்முதலில் பார்க்கப் போகிறபோதும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, மூக்கு மூடியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் போனேன்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். யாராவது இருமினாலே சண்டை வந்த காலம். அன்றைக்கு அவர் சாலையில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கூட்டம் கூடியிருக்கும், ஜீப் பக்கத்திலேயே நின்றது, என் ஸ்டாண்டு சாக்கடையில் கிடந்திருக்கும். சும்மா புத்தி சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், கண்ணாடி இல்லாவிட்டால் வியாபாரம் என்ன ஆவது என்று நான் வாதாடித்தான் இருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நான் கேட்ட அநியாய விலையைக் கொடுத்து, என் வினையை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில், தெருவில் நிற்கிற யாரோ ஒருவனின் மானத்தையும் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

இப்போது பிச்சாவரத்தில் மறுபடியும் படகு ஓடுகிறது. மச்சான் துடுப்பைப் பிடித்துவிட்டார். நான் என் பழைய இடத்தில் ஸ்டாண்டோடு நிற்கிறேன், புதுக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். ஒருவர் போட்டுக் கழற்றின கூலிங் கிளாஸைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருகிறேன். "எதுக்குண்ணே இவ்ளோ சுத்தம்?" என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. என் மகள் லீவு நாளில் கூட வந்து, மூக்கில் நிற்காத கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடுவாள்.

சரக்கு எடுக்கக் கடலூர் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். நான் அவரைப் பார்த்தது மாஸ்க்குக்கு மேலே மட்டும்தான். ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு, முழு முகத்தோடு அவர் என் எதிரில் வந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அதனால் என் கடையில் ஒரு பெண்மணி கூலிங் கிளாஸைக் கையில் எடுத்தால், அவர் அதைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் அந்தக் கண்களை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். என்றைக்காவது அவராக இருந்துவிட்டால், வாங்கின அதிகக் காசை அவர் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிற என் மகளைக் காட்டி, "உங்களாலதான்மா" என்று சொல்ல வேண்டும்.